பட்டுக்கூடு மாலை செய்து ஆன்லைனில் கடை போட்டாயிற்று, வாங்குபவர் கண்ணில் படுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் நீங்களும் உங்கள் நாத்தனாரும் பட்டுக்கூட்டில் மாலை, வாசல் தோரணம், பூங்கொத்து எல்லாம் செய்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் சொந்தமாக ஒரு சின்ன வெப்சைட்டும் தொடங்கியாயிற்று. லைக் போடுவது எல்லாம் சொந்தக்காரர்கள், ஆர்டர் கொடுத்தவர்களும் தெரிந்தவர்கள்தான். இதற்கு நடுவில் ஒருவர் மாதா மாதம் ஒரு தொகை கொடுத்தால் ஃபாலோயர்களைக் கூட்டி, கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்கிறார். கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் ஃபாலோயர்கள் மாலை வாங்குகிறவர்கள் கிடையாது. அவர்கள் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகப்போக, இதை யாரும் விரும்பவில்லை போல என்று இன்ஸ்டாகிராம் முடிவு செய்து, நிஜமாகப் பார்க்க வேண்டியவர்களுக்கும் காட்டுவதைக் குறைத்துவிடும். அந்தப் பணத்தில் நல்ல கூடு வாங்குங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்குப் படம், விலை, ஆன்லைன் பட்டியல் இதெல்லாம் பார்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் புதிதாகக் கடை தொடங்குகிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: முகம் தெரியாத ஒருவர் உங்கள் கடையைத் தேடவில்லை. அவர் வீட்டில் அடுத்த மாதம் வளைகாப்பு, அதற்கு வாடாத மாலை வேண்டும், அதைத் தேடுகிறார். அந்த நேரத்தில், அவர் புழங்கும் வார்த்தையில், அவர் கைக்கு எட்டுகிற ஊரில் நீங்கள் இருந்தால் கண்ணில் படுவீர்கள். "எல்லா வகைக் கைவினைப் பொருளும் கிடைக்கும்" என்று போட்டால் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். அதனால் தொடக்கத்தில் ஒரு பொருள், ஒரு விசேஷம், ஒரு வட்டாரம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். தோரணமும் பூங்கொத்தும் கடையில் இருக்கட்டும், முன்னால் நிறுத்துவது ஒன்றாக இருக்கட்டும்.

எதை முன்னால் நிறுத்துவது என்று கேட்டால், நான் மாலையைத்தான் சொல்வேன். வட்டாரம், ஓசூரும் பெங்களூரும். காரணம் இருக்கிறது. தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதால் உங்களுக்கு மூலப்பொருள் வீட்டு வாசலில். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் ராமநகரம் ஆசியாவிலேயே பெரிய பட்டுக்கூடு சந்தை என்று பெயர் வாங்கிய ஊர், ஆகவே கூட்டில் மாலை என்றால் அங்கே உள்ளவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஓசூர் அடுக்ககங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிற குடும்பங்கள் கலந்து இருக்கின்றன, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், விசேஷத்துக்கு வேண்டியதைப் போனிலேயே பார்த்து வாங்கிப் பழகியவர்கள். சென்னைக்கும் துபாய்க்கும் அப்புறம் போகலாம். முதலில் மறுநாள் பார்சல் போய்ச்சேருகிற தூரத்தில் பெயர் எடுங்கள்.

விசேஷக் காலண்டரை இப்போதே எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ஆனால் ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ வரலட்சுமி நோன்பு வரும். அது தெலுங்கு, கன்னடக் குடும்பங்களில் பெரிய பண்டிகை, கலசத்துக்குச் சின்ன மாலையும் வாசலுக்குத் தோரணமும் வேண்டும். பிறகு நவராத்திரி, கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பொருள். தை பிறந்தால் கல்யாணம். நோன்புக்கு முந்தின வாரம் படம் போட்டால் யாருக்கும் பயன் இல்லை, அதற்குள் அவர்கள் வாங்கி முடித்திருப்பார்கள். ஆறு வாரம் முன்னாலேயே பொருள் தயாராகி, படம் எடுத்து, பக்கத்தில் ஏற்றியிருக்க வேண்டும். எந்த வார்த்தையை எந்த மாதத்தில் அதிகம் பேர் தேடுகிறார்கள் என்று கூகுள் டிரெண்ட்ஸில் இலவசமாகப் பார்க்கலாம், கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

இனி படம். உங்கள் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மாலையைச் சிவப்புத் துணி போட்ட மேசையில் சுருட்டி வைத்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில், மேலே கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டு எடுத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் அது காகித மாலையா, துணி மாலையா, கூடா என்றே தெரியவில்லை. கூட்டின் அழகே அதன் சொரசொரப்பும், ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவுகிற அந்த மெல்லிய தன்மையும்தான். ட்யூப்லைட் அதைத் தட்டையாக்கிவிடும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் நேராக விழாத திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ வையுங்கள். நிழல் விழுகிற பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து நிறுத்தினால் போதும், வேறு விளக்கு வேண்டாம். பின்னணி வெள்ளைச் சுவர் அல்லது சாயம் போடாத காடாத் துணி. போனில் ஃபில்டர் எதுவும் போடாதீர்கள், மெரூன் என்று பார்த்து வாங்கியவருக்குச் சிவப்பு போய்ச்சேர்ந்தால் அந்த ஆளை மறுபடி பார்க்க முடியாது.

ஒரு மாலைக்கு ஐந்து படம் வேண்டும். முழு மாலையும் தொங்கவிட்டது ஒன்று. ஒரே ஒரு பூவை மிக நெருக்கத்தில் எடுத்தது ஒன்று, கூட்டைக் கத்தரித்த ஓரமும் நடுவில் கோத்த மணியும் தெரிய வேண்டும். ஒரு பெண் கழுத்தில் போட்டது ஒன்று, எங்கே வரை தொங்குகிறது என்று அதில்தான் தெரியும். கையில் பிடித்தபடி ஒன்று, அளவு புரிவதற்கு. கடைசியாக, பெட்டிக்குள் எப்படிப் போய்ச்சேரும் என்பது ஒன்று. கழுத்தில் போட்ட படம் இல்லாத மாலை விற்பது மிகவும் கஷ்டம். வாங்குகிறவர் தன் மகள் கழுத்தில் அதைக் கற்பனை செய்துபார்க்கிறார், நாம் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தலைப்பு. உங்கள் வெப்சைட்டில் "ஹேண்ட்மேட் பியூட்டி, கலெக்‌ஷன் 1" என்று இருக்கிறது. இதை யார் தேடுவார்கள்? கூகுளுக்கும் இது என்ன பொருள் என்று தெரியாது. அதே பொருளை இப்படி எழுதுங்கள்: "பட்டுக்கூடு மாலை, மணமக்கள் ஜோடி, மெரூன் தங்க நிறம், 32 அங்குலம், வாடாத கல்யாண மாலை". இதையே ஆங்கில எழுத்திலும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் பேசுகிறவர்கள்கூட தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். விளக்கத்தில் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஓசூரில் அதை எழுதிக் கொடுக்க ஆளா இல்லை? ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். நாலு மாலையை ஒரே பக்கத்தில் அடுக்காதீர்கள். படத்துக்குக் கேமரா போட்ட எண்ணையே பெயராக விடாமல், பொருளின் பெயரை வையுங்கள், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிற ஆல்ட் டெக்ஸ்ட் என்கிற கட்டத்திலும் அதே பொருளை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் வெப்சைட்டைச் சேர்த்துவிட்டால், எந்த வார்த்தையைத் தேடி வந்தவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று அது சொல்லும், இலவசம்தான். புது வெப்சைட் கூகுளில் மேலே வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கம் எழுதும்போது கவிதை வேண்டாம். வாங்குகிறவர் மனதில் இருக்கிற சந்தேகங்களுக்குப் பதில் எழுதுங்கள். வாடை வருமா? வியர்வை பட்டால் சாயம் பட்டுப்புடவையில் ஒட்டுமா? எவ்வளவு கனம்? மறுபடி உபயோகிக்கலாமா, எப்படி எடுத்து வைப்பது? கூட்டுக்கு இதெல்லாம் நியாயமான பயம். உள்ளே புழு இருந்த கூட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் கோத்தால் கொஞ்ச நாளில் வாடையும் வரும், வண்டும் வரும். பட்டுப்புழு முட்டை உற்பத்தி செய்கிற இடங்களில் அந்துப்பூச்சி தானாகவே வெளியேறிய ஓட்டைக் கூடு கிடைக்கும். நூலை அறாமல் இழுத்தெடுக்க முடியாது என்பதால் பட்டுக்கு அது கழிவு, உங்களுக்கு அதுதான் தங்கம். அந்தக் கூட்டில் செய்கிறீர்கள் என்றால் அதைக் கொட்டை எழுத்தில் சொல்லுங்கள். புழுவைக் கொதிநீரில் போட்டு எடுத்த பட்டு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் பெங்களூரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். எடுத்து வைக்கும் முறையையும் இரண்டு வரியில் கொடுங்கள்: ஈரம் படாத அட்டைப் பெட்டி, ஒரு துண்டு வசம்பு, வெயில் வேண்டாம். சாயத்தைப் பற்றி எழுதும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் ஒட்டுகிற நிறம் எதையும் விற்பனைக்கு வைக்காதீர்கள்.

விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு டிஎம் செய்யவும்" என்று போடுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, இது வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிற பழக்கம். இரவு பத்து மணிக்குக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் போனைப் பார்க்கிற ஒரு பெண், விலை கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பேரம் பேசி வாங்கமாட்டார். விலை, அனுப்பும் செலவு, எத்தனை நாளில் வந்துசேரும், மூன்றும் படத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். விலை போடும்போது உங்கள் இரண்டு பேரின் உழைப்பு நேரத்துக்கும் கூலி சேருங்கள். ஒரு ஜோடி மாலைக்குக் கத்தரிப்பது, சாயம் போடுவது, காயவைப்பது, கோப்பது என்று எத்தனை மணி நேரம் ஆகிறதோ அதை எழுதிவைத்து, ஊரில் வேறு வேலைக்குப் போனால் கிடைக்கிற கூலியால் பெருக்குங்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்கிறோம்" என்று கூலியை விட்டுவிடுகிற கடைகள் ஒரு பெரிய ஆர்டர் வந்தவுடன் மூச்சு முட்டிப்போகின்றன.

இன்ஸ்டாகிராமுக்கு வருவோம். கணக்கைப் பிசினஸ் கணக்காக மாற்றுங்கள். பெயர் போடுகிற கட்டத்தில் கடைப் பெயரோடு "பட்டுக்கூடு மாலை" என்பதையும் சேருங்கள், இன்ஸ்டாகிராமுக்கு உள்ளே தேடுகிறவர்களுக்கு அந்தக் கட்டத்தில் இருக்கிற வார்த்தை உதவும். பயோவில் ஊர், எந்த ஊர்களுக்கு அனுப்புவீர்கள், வாட்ஸ்அப் லிங்க். பொன்மொழி வேண்டாம். ரீல்ஸ் என்றால் முதல் இரண்டு மூன்று நொடியிலேயே முடித்த மாலை தெரிய வேண்டும், அதற்கு அப்புறம் கத்தரிப்பதைக் காட்டுங்கள். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள், வெறும் கூட்டில் தொடங்கி மாலையில் முடிக்கிறார்கள், அதற்குள் பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார். வெள்ளைக் கூட்டை நாலாகக் கீறி இதழாக விரிக்கிற அந்த ஒரு அசைவை மட்டும், பாட்டு எதுவும் போடாமல், கத்தரி ஓடுகிற சத்தத்தோடு எடுத்துப் போடுங்கள். அது உங்களால் மட்டும் காட்ட முடிகிற விஷயம், எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி விற்கிறவரால் அதைக் காட்ட முடியாது. ஹேஷ்டேக் நிறையப் போட வேண்டியதில்லை, பொருளையும் ஊரையும் சொல்கிற நாலைந்து போதும். அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் போடுங்கள், படங்களைப் பின்ட்ரஸ்டில் ஏற்றி வெப்சைட்டுக்கு லிங்க் கொடுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும், பின்ட்ரஸ்டில் போட்டது மாதக்கணக்கில் தேடலில் வந்துகொண்டிருக்கும்.

ஆனால் எனக்குத் தெரிந்த வரையில், புதுக் கடையை வேகமாகக் கண்ணில் படவைப்பது இது எதுவும் இல்லை. ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளரை வைத்திருக்கிறவர்களோடு சேருவதுதான். சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்கிறவர்கள், மணப்பெண் மேக்கப் போடுகிறவர்கள், வளைகாப்புக்கு மேடை அலங்காரம் செய்கிறவர்கள், போட்டோகிராபர்கள் எல்லாரும் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று எல்லா ஊரிலும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் அடுத்த சில மாதத்தில் விசேஷம் வைத்திருக்கிற குடும்பங்கள் நிற்கின்றன. அவர்களில் நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு நல்ல ஜோடி மாலையை போட்டோ எடுக்க இரவலாகக் கொடுங்கள். இலவசமாக வேண்டாம், திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியே கொடுங்கள். பதிலுக்கு இரண்டு விஷயம் கேளுங்கள்: உங்கள் பக்கத்தோடு சேர்த்துக் கொலாப் போஸ்ட்டாக, அதாவது இரண்டு பேர் பக்கத்திலும் தெரிகிற ஒரே பதிவாகப் போட வேண்டும், எடுத்த படங்களை நீங்கள் உபயோகிக்க அனுமதி வேண்டும். மேக்கப் கலைஞருக்குப் புதுவிதமான மாலை கிடைக்கிறது, உங்களுக்கு நல்ல கேமராவில், நல்ல புடவையில், கழுத்தில் போட்ட படம் கிடைக்கிறது. அவர் மூலம் வருகிற ஆர்டருக்கு ஒரு பங்கு கொடுப்பதாகப் பேசிக்கொண்டால் அவரே உங்களுக்காகப் பேசுவார்.

இதே வேலையை ஊருக்குள்ளேயும் செய்யலாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் இதோடுதான் இருந்தது, 2004இல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தக் குழுக்களின் கண்காட்சிகள் இன்றும் நடக்கின்றன, மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் எப்போது எங்கே என்று சொல்வார்கள். குழுவில் உறுப்பினராக இருந்தால் 'மதி' என்ற பெயரில் நடக்கிற விற்பனை வழிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். கண்காட்சியில் அன்றைக்கு எவ்வளவு விற்றது என்பது இரண்டாவது விஷயம். வருகிறவர் மாலையைக் கையில் எடுத்து, கனமே இல்லையே என்று ஆச்சரியப்படுவார், அந்த நொடியில் க்யூஆர் கோடு அச்சடித்த அட்டையைக் கொடுத்து, "எங்க வாட்ஸ்அப் காட்டலாக் இதில் இருக்கு, விசேஷம் வந்தா பாருங்க" என்று சொல்லுங்கள். தொட்டுப் பார்த்தவர் பின்னால் போனில் வாங்கத் தயங்கமாட்டார். ஓசூர் அடுக்ககங்களில் தீபாவளிக்கும் நவராத்திரிக்கும் முன்னால் குடியிருப்போர் சங்கத்தினர் ஸ்டால் போட இடம் கொடுப்பார்கள், அதையும் விடாதீர்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம் என்று தனியாகவே சொல்ல நினைத்தேன். நம் தர்மபுரி மாவட்டத்திலேயே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கிற சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்ற பெயரில் தங்கள் பாரம்பரிய எம்பிராய்டரியைச் செய்கிறார்கள். அதை வாங்குகிறவருக்கு அது எந்தப் பள்ளத்தாக்கில் யார் கையால் வந்தது என்று தெரியும், அது தெரிவதால்தான் அதன் மதிப்பே தெரிகிறது. உங்கள் பக்கத்தில் தர்மபுரி என்ற வார்த்தையே இல்லை, "ஹேண்ட்மேட் இன் இந்தியா" என்று மட்டும் இருக்கிறது. கூடு எந்த ஊர் அங்காடியிலிருந்து வருகிறது, யார் கத்தரிக்கிறார்கள், யார் கோக்கிறார்கள் என்று எழுதுங்கள். உங்கள் இரண்டு பேரின் படமும் இருக்கட்டும். முகம் காட்ட வீட்டில் சம்மதிக்காவிட்டால் வேலை செய்கிற கைகளைக் காட்டுங்கள், அதுவும் போதும்.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ பற்றிச் சுருக்கமாக. மீஷோவில் விலைதான் எல்லாம், உங்கள் பொருளுக்கு அது இடம் இல்லை என்பது என் கருத்து. அமேசானில் காரிகர், ஃபிளிப்கார்ட்டில் 2019இல் தொடங்கிய சமர்த் என்று கைவினைஞர்களுக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன, மாலை பத்து நிறத்தில் ஒரே தரத்தில் செய்யப் பழகிய பிறகு அவற்றைப் பாருங்கள். கைவினைப் பொருளுக்கான வெளிநாட்டுத் தளமான எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், அது நாலு மாதம் இருக்கும், விற்றால் 6.5 விழுக்காடு எடுப்பார்கள், அதற்கு மேல் பணம் பெறும் கட்டணம் தனி. அங்கே ஒரு பொருளுக்கு 13 டேக் (தேடலில் கண்டுபிடிக்க உதவும் வார்த்தை) போடலாம், எல்லாவற்றையும் நிரப்புங்கள், ஒரே வார்த்தையைத் திருப்பிப் போடாமல் விசேஷம், நிறம், பொருள், யாருக்கு என்று பிரித்துப் போடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப ஐஇசி என்கிற ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும், தபால் துறையின் ஏற்றுமதி மையங்களில் வழி சொல்வார்கள். ஜிஎஸ்டி விஷயத்தில், இப்படிப்பட்ட தளங்கள் மூலம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் பதிவில் தளர்வு இருக்கிறது. கர்நாடகத்துக்கு அனுப்பத் தொடங்கினால் கணக்கு மாறும். பெங்களூரை நான் சொல்லியிருப்பதால், முதல் பார்சல் எல்லை தாண்டுவதற்கு முன்னாலேயே ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், கைவினைப் பொருளுக்கு என்று தனிச் சலுகை உண்டு, உங்கள் பொருள் அதில் வருமா என்று கேளுங்கள்.

பார்சல் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மாலை எடையே இல்லாத பொருள், ஆனால் தனியார் கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வருகிற எண்ணையும் எடையாக எடுத்துக்கொள்வார்கள், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 40க்கு 30க்கு 15 பெட்டி என்றால் 3.6 கிலோ. உள்ளே இருப்பது கால் கிலோகூட இருக்காது. அதே மாலையை நசுங்காமல் படுக்கை வாட்டில் மடித்து 30க்கு 20க்கு 6 பெட்டியில் வைத்தால் 0.72 கிலோதான். இந்த ஒரு மாற்றத்தில் அனுப்பும் செலவு குறைந்தால், அந்த விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களில் சிலராவது வாங்குவார்கள். ஆகவே பெட்டிக்கு ஏற்ற மாதிரி மாலையைக் கோக்கப் பழகுங்கள், நடுவில் மடிகிற இடத்தில் பூவை விட்டு மணி மட்டும் கோத்தால் மடிப்பு தெரியாது.

கேஷ் ஆன் டெலிவரி தொடக்கத்தில் வேண்டாம். வாங்க மறுத்துத் திரும்பி வருகிற பார்சலுக்கு இரண்டு பக்கக் கூலியும் உங்கள் தலையில் விழும், மாலையும் கசங்கித் திரும்பும். பாதிப் பணம் யுபிஐயில் முன்பணம், மீதி அனுப்புவதற்கு முன் படம் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயர் எழுதிய சீட்டோடு அவருடைய மாலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முன்பணம் கொடுத்தவருக்கு நிம்மதி வரும். வெப்சைட்டில் உங்கள் முழுப் பெயர், ஊர், போன் எண், திரும்பக் கொடுக்கும் விதி எல்லாம் தெளிவாக இருக்கட்டும், இவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்பதுதான் புதுக் கடையைப் பார்க்கிறவரின் முதல் கேள்வி. வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் போட்டுவிடுங்கள், மேப்பில் தெரிவீர்கள். ஆன்லைனில் மட்டும் விற்கிற கடைக்கு அது கிடையாது.

விசேஷம் முடிந்த நாலைந்து நாளில் வாங்கியவருக்கு ஒரு செய்தி அனுப்பி, "விழா நல்லா நடந்ததா? மாலை போட்ட படம் இருந்தா அனுப்புங்க, எங்க பக்கத்தில் போடலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். சொந்தக்காரர்களை வைத்து வாடிக்கையாளர் போல விமர்சனம் எழுதவைக்காதீர்கள், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி விற்பவர் வாடிக்கையாளர் வேடத்தில் விமர்சனம் எழுதுவது தவறு. படிக்கிறவருக்கும் அது தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். விசாரித்து வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்களை எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு எழுதுங்கள், வாங்கினாரா இல்லையா, எந்த விசேஷத்துக்கு, எந்த ஊர். இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் அடுத்து எங்கே நேரம் செலவழிப்பது என்று தெரியும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மாலையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அதில் தெரிந்தால், அன்றைக்கு விளம்பரத்துக்குப் பணம் போடலாம். அந்த ஒரு மாலைக்கு மட்டும், ஓசூரையும் பெங்களூரின் தெற்குப் பகுதியையும் மட்டும் தேர்ந்தெடுத்து, தொட்டால் நேராக வாட்ஸ்அப் திறக்கிற விளம்பரமாக, வரலட்சுமி நோன்புக்கு ஐந்தாறு வாரம் முன்னால் தொடங்குங்கள். பதிவுக்குக் கீழே தெரிகிற 'பூஸ்ட்' பொத்தானை அவசரத்தில் அமுக்காதீர்கள், விளம்பரத்தை இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டாவின் விளம்பரப் பகுதியான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய் அமையுங்கள், யாருக்குக் காட்டுவது என்பதில் அங்கேதான் முழுப் பிடி கிடைக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து, ஒரு வாரம் ஓடவிட்டு, விளம்பரச் செலவைக் கிடைத்த ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் ஒரு மாலையில் உங்களுக்கு நிற்கிற லாபத்தைவிட அதிகமாக இருந்தால் நிறுத்திவிட்டு, படத்தையும் தலைப்பையும் மாற்றி மறுபடி போடுங்கள்.